தொட்டுவிட்ட இரும்பு

சிரிப்பு வரும். இப்போது இல்லை. அப்பாவின் வான் வண்டி சந்தியில் திரும்பி, அதன் வெளிச்சம் முதலில் பக்கத்து வீட்டு ஓட்வார் கிழவரின் கவிழ்த்துப் போட்ட படகில் பட்டு, பிறகு எங்கள் வளவுக்குள் விழும்போதுதான் வரும். அதுவரைக்கும் ஃபோனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மூக்கு விறைக்க விறைக்க, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி நிற்கவேண்டும். நிற்கிறேன். நல்ல பகிடியை அவசரப்பட்டு அவிழ்த்துவிட்டால் அது வெறும் பொய், பொறுத்து வைத்திருந்தால்தான் பகிடி; இதை எனக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை, நானே கண்டுபிடித்தது. நடக்கப்போவது இதுதான். அப்பா வானால் இறங்குவார். தென்னவன் அண்ணா கொட்டில் கூரையிலிருந்து பாய்ந்து வந்து, வளவுக்கு நடுவில் மூன்று காலில் நிற்கிற அந்தச் சிவப்புக் குழாயின் மேல் பனிச்சறுக்கு ஸ்கீயைக் குறுக்காக வைத்து வழுக்கிக்கொண்டிருப்பான். "டேய், ஆரைக் கேட்டு ஏறினனீ?" என்பார் அப்பா. "நீங்கள்தானே ஓடச் சொன்னீங்கள்." "ஆர், நானோ?" "ஓம், மத்தியானம் ஃபோனில." "நான் எப்பயடா உனக்கு ஃபோன் எடுத்தனான்?" அந்த இடத்தில் ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி வாய் திறக்கும், ஒரே மாதிரி இடது புருவம் ஏறும், கண்ணாடி பார்ப்பதுபோல அப்பாவும் மகனும் நிற்பார்கள், நான் அதைப் படம் பிடிப்பேன். பிறகு அப்பா என் பக்கம் திரும்புவார். அதற்குள் நான் ஓட்வாரின் படகுக்குப் பின்னால் இருப்பேன். அவ்வளவுதான். சின்னப் பகிடி. ஒருவருக்கும் ஒன்றும் ஆகாது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகாது என்று ஏன் இப்போது சொன்னேன்? சொல்லத் தேவையில்லை. கூரையில் அண்ணன் பனியை மிதித்து மிதித்து இறுக்குகிறான், சரக் சரக், சரக் சரக், அந்தச் சத்தத்தை நாக்காலும் மேல்வாயாலும் செய்யலாம், செய்கிறேன், அவன் திரும்பிப் பார்க்கிறான். "என்னடா?" "ஒண்டுமில்லை அண்ணா, குளிருது." "கை நடுங்காமல் எடு. நாளைக்கு அனுப்போணும்." நாளைக்குத்தான் கடைசி நாள். தெற்கே மலை நகரம் ஒன்றில் ஒரு பள்ளிக்கூடம், காலையில் பாடம், மத்தியானம் ஸ்கீ, இப்படியும் பள்ளிக்கூடம் வைத்திருக்கிறார்கள் இந்த நோர்வேக்காரர். அங்கே சேர ஒரு வீடியோ அனுப்பவேண்டும், அதில் குழாயில் வழுக்குவது கட்டாயம் இருக்கவேண்டும். எங்கள் ஊர் மலையில் குழாய் இல்லை. எங்கள் ஊரில் மீன் தொழிற்சாலையும் காற்றும்தான் இருக்கிறது.

அதனால்தான் வளவுக்குள் குழாய். அப்பா கப்பல் பட்டறையில் வெல்டர். அண்ணன் இலையுதிர்காலம் முழுக்கக் கேட்டான், "அப்பா, ஒரு குழாயும் மூண்டு காலும் இருந்தாக் காணும்", அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே "உது பிறகு சோறு போடுமோ?" என்று கேட்டார், அம்மா "விடுங்கோவன்" என்றா, அதோடு சரி. பிறகு நேற்று முன்தினம் வானுக்குப் பின்னால் சிவப்புத் துணி கட்டிய ஒரு நீளக் குழாய், மூன்று காலும் பொருத்தினபடி, வெளியே நீட்டிக்கொண்டு வந்து சேர்ந்தது. அப்பா ஓம் என்று சொல்லமாட்டார், கொண்டுவந்து போடுவார். மூன்று பேருமாகத் தூக்கி நட்டோம், கால்களைச் சுற்றிப் பனியை அடைத்துத் தண்ணீர் ஊற்றினோம், விடியமுன்னம் அது கல்லாகிவிட்டது. நேற்றுப் பின்னேரம் அப்பா வேலையில், நானும் அண்ணனும் ஓட்வார் தந்த மிச்சச் சிவப்புப் படகுப் பெயின்ற்றைப் பூசினோம், குழாய்க்கு, கால்களுக்கு, மூட்டுகளுக்கு, ஒரு இடம் விடாமல். குசினிக்குள் போனபோது அம்மா எங்கள் கைகளைப் பார்த்து "ஆரையடா வெட்டிப்போட்டு வாறியள்?" என்று கேட்டா. நான் உடனே அம்மாவின் குரலில் அம்மாவுக்கே "ஆரையடா வெட்டிப்போட்டு வாறியள்?" என்று திருப்பிச் சொன்னேன், கரண்டி பறந்து வந்தது. எனக்கு எல்லாக் குரலும் வரும். தமிழ்ப் பள்ளிக்கூடத்து அதிபர் மைக்கைத் தட்டித் தட்டிப் பெற்றோரைத் திட்டுவது வரும். கடற்காகம் வரும், பனி வழிக்கிற வண்டி பின்னுக்குப் போகிற சத்தம் வரும். ஓட்வார் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு 'யா' என்பது வரும்; இந்த வடக்குச் சனங்கள் ஓம் என்பதை வெளியே விடமாட்டார்கள், யாரோ பயமுறுத்தியதுபோல உள்ளே உறிஞ்சுவார்கள். வராமல் இருந்தது அப்பாவின் குரல் ஒன்றுதான். அது அடியில் கிடந்தது, என் குரல் அதற்கு எட்டவில்லை. போன இலையுதிர்காலத்தில் எனக்குக் குரல் உடைந்தது, ஒரு மாதம் தவளை மாதிரிக் கத்திக்கொண்டு திரிந்தேன், பிறகு ஒருநாள் குளிக்கும்போது தொண்டையைச் செருமினேன், குளியலறைக்குள் அப்பா நின்றார். திரும்பிப் பார்த்தேன், உண்மையாகவே திரும்பிப் பார்த்தேன். அதற்குப் பிறகு ஒளித்து வைத்துப் பழகினேன். ஒவ்வொரு வசனத்துக்கும் முடிவில் "விளங்கிச்சோ?" என்று ஒரு கேள்வி, மறுமொழிக்குக் காத்திருக்காத கேள்வி. அதோடு இன்னொரு சங்கதி, இதை வேறு ஒருவரும் கவனித்திருக்கமாட்டார்கள்: இருபது வருடம் இந்த ஊரில் இருந்து இருந்து அப்பாவும் 'ஓம்' என்பதை உள்ளுக்குத்தான் இழுக்கிறார். யாழ்ப்பாணத்து ஓம், நோர்வே மூச்சு. உலகத்தில் அப்படி ஓம் சொல்கிற மனிதர் அவர் ஒருவராகத்தான் இருக்கும். இப்போது இரண்டு பேர்.

மத்தியானம் கீழே நிலவறையில் உடுப்புத் தோய்க்கிற மெஷினை ஓடவிட்டேன், ஒரு சோடிச் சப்பாத்தையும் உள்ளே போட்டு. கடகடகட, அச்சாப் பட்டறைச் சத்தம். நம்பரை மறைத்துக்கொண்டு மேலே இருந்த அண்ணனுக்கு எடுத்தேன். "தென்னவன்." "அப்பா?" தலைக்கு மேல் பலகை கிறீச்சிட்டது, அவன் கட்டிலை விட்டு எழும்புகிறான், அப்பாவோடு கதைக்கும்போது அவன் இருந்து கதைக்கமாட்டான், எழும்பி நிற்பான், ஃபோனில்கூட. அதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வயிற்றில் முட்டியது, பல்லைக் கடித்துக்கொண்டேன். "பட்டறை ஃபோனில இருந்து கதைக்கிறன். எனக்கு வரப் பிந்தும். நீ குழாயில ஏறி ஓடு, வெளிச்சம் போகமுன்னம் படத்தை எடு. விளங்கிச்சோ?" "காலெல்லாம் சரியா அப்பா?" "நான் செய்தது சரியில்லாமல் கிடக்குமோ?" இதுவரைக்கும் போதும். இதோடு வைத்திருக்கவேண்டும். ஆனால் குரல் நன்றாக வந்துகொண்டிருந்தது, தொண்டைக்குள் எண்ணெய் விட்ட மாதிரி, அது தானாகவே மேலும் நடந்தது. "நீ ஓடுறதை நான் பாத்திருக்கிறன். மலைக்குக் கீழ வானை நிப்பாட்டிப் பாத்தனான். நல்லா ஓடுறாய், அப்பன்." மெஷினுக்குள் சப்பாத்து உருண்டது. அண்ணன் "ஓம் அப்பா" என்றான், ஓம் அப்பா என்று சொல்ல அவனுக்கு இரண்டு தரம் தொண்டையைச் செருமவேண்டியிருந்தது, நான் மூச்சை உள்ளே இழுத்து "ஓம்" என்றேன், வைத்தேன், தோய்த்த உடுப்புக் கூடைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தேன். சிரித்தேனா? சிரித்தேன். அப்போது ஒரு சிரிப்பு வந்தது, ஆனால் அது பெரிய சிரிப்பு இல்லை, பெரியது இனித்தான் வரும். அப்பா அண்ணனுக்கு ஒருநாளும் ஃபோன் எடுப்பதில்லை. எடுத்தால் அம்மாவுக்கு, "சோறு ஆக்கியாச்சோ?" அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. அந்த வானை நிப்பாட்டிப் பார்த்த கதை எனக்கு எங்கிருந்து வந்தது? தெரியாது. நான் யோசித்து வைத்திருக்கவில்லை. அதற்குப் பிறகு அண்ணன் மாடியிலிருந்து இறங்கிய விதம், இரண்டிரண்டு படியாக, என் தலையைப் பிடித்து ஆட்டி "வாடா, வாடா, காமராமன்" என்று சொன்ன விதம். அவன் என் தலையைத் தொட்டுக் கனகாலம்.

இப்போது குசினி யன்னல் திறக்கிறது, அம்மா தலையை நீட்டுகிறா, பின்னால் வெங்காயம் பொரிகிற மணம் பனிக்கு மேல் வந்து என் முகத்தில் ஒட்டுகிறது. "தென்னவன், அப்பா வந்தாப்பிறகு ஏறன் ராசா. என்ன அவசரம்?" "அப்பாதான் அம்மா ஓடச் சொன்னவர். ஃபோன் எடுத்துச் சொன்னவர்." "உனக்கோ எடுத்தவர்?" "எனக்குத்தான்." அண்ணன் கூரையில் நிமிர்ந்து நிற்கிறான், அந்த 'எனக்குத்தான்' ஓட்வாரின் வீடு வரைக்கும் கேட்டிருக்கும். "அவர் சொன்னால் சரி," என்கிறா அம்மா, "பாத்து, ராசா," யன்னல் பூட்டுகிறது, மணமும் போய்விடுகிறது. நான் நினைத்தது ஒருவனை ஏமாற்ற, இப்போது இரண்டு பேர். ஒரு குரலை வெளியே விட்டால் அது வீட்டுக்குள் கால் வைத்து நடக்கிறது, அம்மாவுக்குச் சமாதானம் சொல்கிறது, யன்னலைப் பூட்டுகிறது. அம்மா 'வேண்டாம்' என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். ஏன் நான் அம்மா வேண்டாம் என்று சொல்லவேண்டும் என்று நினைக்கிறேன்? இது என்னுடைய பகிடி, நான்தானே இது நடக்கவேண்டும் என்று நிற்கிறேன். வெளிச்சம் நீலமாகிவிட்டது. குளிர்கால இருட்டு முடிந்து சூரியன் திரும்பி வந்து ஒரு கிழமைதான், மத்தியானம் மலைக்கு மேலால் கொஞ்சம் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும், பிறகு இந்த நீலம், பனி நீலம், கொட்டில் நீலம், அண்ணனின் முகம் நீலம், குழாய் மட்டும் கறுப்பு. சிவப்பு எப்படிக் கறுப்பாகியது? நீல வெளிச்சத்தில் சிவப்பு கறுப்பாகத்தான் தெரியும், விஞ்ஞான ரீச்சர் சொன்னவ, ரீச்சரின் குரல் வரும், மூக்கால் கதைப்பா, இப்போது வேண்டாம். அண்ணன் கொட்டில் சுவரில் கட்டிய லைற்றைப் போடுகிறான், குழாய் திரும்பச் சிவப்பாகிறது, ஈரம் காயாத சிவப்பு. அதன் நிழல் பனியில் விழுந்து என் சப்பாத்து வரைக்கும் நீள்கிறது. நான் காலைப் பின்னுக்கு எடுக்கிறேன்.

"முதல் சும்மா வேகம் பாக்கிறன், ஏறமாட்டன், படம் எடுக்காதை," என்று கத்திவிட்டு அவன் கூரையிலிருந்து ஸ்கீயை விடுகிறான். ஸ்கீ பனியைக் கிழிக்கிற சத்தம், சீஈஈஈ, அது எனக்கு வராது, அதற்குப் பல்லுக்கு நடுவில் இன்னும் இடம் வேண்டும், குழாயின் தொடக்கத்துக்கு வந்து பக்கத்தால் விலகி, என்னைத் தாண்டி, ஓட்வாரின் வேலிக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டான். வேகம். நான் நினைத்ததைவிட வேகம். திரும்பி வரும்போது ஸ்கீயைத் தோளில் போட்டுக்கொண்டு, போகிற போக்கில் குழாயின் மேல் கையை ஊன்றிப் பாரத்தைப் போட்டுப் பார்க்கிறான், பிறகு சப்பாத்தோடு ஏறி, ஒரு தரம், ரெண்டு தரம் குதிக்கிறான். "அச்சாவா நிக்குது. அப்பாட வேலை எண்டால் சும்மாவோ." டிக். அது என்ன? அவன் குதித்து இறங்கிய பிறகு வந்த சத்தம். அவனுக்குக் கேட்கவில்லை, அவன் ஏணிக்குப் போய்விட்டான். குளிருக்கு இரும்பு சுருங்கும், அது சுருங்கும்போது இப்படிச் சொல்லும், வீட்டுத் தண்ணீர்க் குழாயும் சொல்லும். டிக். நான் குழாய்க்குக் கிட்டப் போய் விரல் மொளியால் முதல் காலைத் தட்டுகிறேன். டிங்ங். நல்ல சத்தம், கோயில் மணியின் சின்னத் தங்கச்சி. நடுக்காலைத் தட்டுகிறேன். டிங்ங். கடைசிக்காலைத் தட்டுகிறேன். டக். திரும்பவும். டக். வாயால் செய்து பார்க்கிறேன், டிங்ங், டிங்ங், டக். என் வாய்க்குள் அந்த மூன்றாவது பொருந்தவில்லை, பல்லு ஆடுகிற மாதிரி இருக்கிறது. பெயின்ற் தடிப்பாக இருக்கும். பனி கூடுதலாக அடைத்திருக்கும். டக். விரலால் அல்ல, மோதிரத்தால் தட்டினால் எப்படி இருக்கும்? என்னிடம் மோதிரம் இல்லை. மோதிரம் ஏன் நினைவு வருகிறது? அப்பாவின் மோதிரம். அப்பாவின் மோதிரம் ஸ்ரியரிங்கில் தட்டும், டிக், டிக், டிக், மூன்று தரம், இன்று காலை தட்டியது, தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு என்னை ஏற்றிக்கொண்டு போகும்போது, ஏதோ சொல்லிக்கொண்டே தட்டினார். ஏதோ சொன்னார். என்ன சொன்னார்?

சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இல்லை, சத்தம்தான் நினைவிருக்கிறது. நான் கண்ணை மூடிக்கொண்டு சீற்றில் சாய்ந்திருந்தேன், நித்திரை என்று அவர் நினைத்திருக்கமாட்டார், நான் இடைக்கிடை தலையாட்டினேன், எனக்கு மத்தியானத்துக்குக் குரல் வேண்டியிருந்தது, அதைச் சேகரித்துக்கொண்டிருந்தேன்: எங்கே ஏறுகிறது, எங்கே கீழே போகிறது, எங்கே ஒரு சின்னக் கரகரப்பு. 'தம்பி' என்று தொடங்கியது, அது நிச்சயம். 'விளங்கிச்சோ' என்று முடிந்தது, அதுவும் நிச்சயம். நடுவில் வெறும் மெட்டுத்தான், சொல் இல்லாத மெட்டு, ம்ம்ம் ம்ம் ம்ம்ம்ம், ஏறி, இறங்கி, நின்று, மூன்று தட்டு, பிறகு நீளமாக ஒரு இறக்கம். எண்ணெய் விலையைப் பற்றி இருக்கும். அதிபரைப் பற்றி இருக்கும். எண்ணெய் விலைக்கு அவர் மோதிரத்தால் தட்டமாட்டார். அண்ணன் ஏணியில் ஏறுகிறான், தோளில் ஸ்கீ ஆடுகிறது. ஹெல்மெட்டுக்குள் பாட்டைப் போட்டுக்கொள்கிறான், காதுப் பக்கத்தை அமத்துகிறான், இனி நான் கத்தினாலும் அவனுக்குக் கேட்காது. ஃபோன் தயார் என்றால் நான் கையைத் தூக்கவேண்டும், கை தூக்கினால் அவன் விடுவான், அதுதான் பேச்சு. கை பொக்கற்றுக்குள் இருக்கட்டும். மெட்டை ஒருதரம் பார்த்துவிடுகிறேன், ஒன்றும் இல்லை என்று தெரிந்தால் தூக்குகிறேன். வாயைக் கழுத்துத் துணிக்குள் வைத்து, அப்பாவின் குரலை எடுத்து, மெல்லமாக விட்டுப் பார்க்கிறேன். தம்பி. தம்பி, ம்ம்ம்ம். தம்பி, அண்ணனிட்ட. தம்பி, அண்ணனிட்டச் சொல்லு. சொல் வருகிறது. நான் யோசிக்கவில்லை, குரல் யோசிக்கிறது, தொண்டை தனக்குத் தெரிந்த பாதையில் போகிறது, அந்தந்த மேட்டில் அந்தந்தச் சொல் நின்றுகொண்டிருக்கிறது. தம்பி, அண்ணனிட்டச் சொல்லு, இண்டைக்கு வெல்டிங் மெஷினைக் கொண்டு வாறன். ம்ம்ம். அதுக்கு முதல் ஒருத்தரும் ஏறக்கூடாது. இது நான் சும்மா போட்ட சொல்லாக இருக்கலாம், பயத்தில் போட்டது, பகிடி விடுகிறவனுக்கு வசனம் தானாக வரும், வானை நிப்பாட்டிப் பார்த்த கதை வரவில்லையா, அதுபோல. திரும்பவும். கால் மூண்டையும். மோதிரம். அங்க, டிக், அங்க, டிக், அங்க, டிக், தொட்டுத்தான் விட்டிருக்கிறன், ஒட்டேல்லை. சரிவு பாத்து நிமித்திப்போட்டுத்தான் முழுசா ஒட்டோணும். இதை நான் போடவில்லை. எனக்கு வெல்டிங் தெரியாது, முதலில் ஒரு பொட்டு மட்டும் வைத்துத் தொட்டு விடுவது, பிறகு சுற்றிவர ஒட்டுவது என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது, தெரியாததை நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்? நேற்றுப் பெயின்ற் பூசும்போது ஒவ்வொரு மூட்டிலும் மிளகளவு ஒரு கட்டி கண்டேன், ஒன்றே ஒன்று, சுற்றிவர வெறும் கீறல், தூரிகையால் அதை மூடினேன், வடிவாக மூடினேன். இன்னும் இருக்கிறது, அந்த நீள இறக்கம் இன்னும் இருக்கிறது, அதைப் பாடவேண்டாம், குரல் நிற்கவில்லை. குளிருக்குள்ள இரும்பு கண்ணாடி, தம்பி. பாரம் வேகமா விழுந்தால் கால் கழரும். கால் கழண்டால் குழாய் எழும்பும். எழும்பினால் நேர வயித்துக்குள்ளதான். விளங்கிச்சோ? அதற்கு நான் காலையில் மூச்சை உள்ளே இழுத்து 'ஓம்' என்றேன். பழகிப் பார்க்கத்தான் சொன்னேன். நன்றாக வந்தது என்று சந்தோஷப்பட்டேன்.

கூரையில் அண்ணன் நிற்கிறான். ஒரு காலை முன்னுக்கும் பின்னுக்கும் தேய்க்கிறான், என்னைப் பார்க்கிறான், கையைத் தேடுகிறான். நான் கத்துகிறேன், "அண்ணா", அவனுக்கு வாய் அசைவது தெரியும், சத்தம் தெரியாது. வேண்டாம் என்று இரண்டு கையையும் ஆட்டலாம், ஆட்டினால் கை தூக்கினது, கை தூக்கினால் விடுவான். கை மேலே போனால் போதும், தூக்கினதா ஆட்டினதா என்று அவன் பார்த்துக்கொண்டிருக்கமாட்டான். ஓடலாம். ஓடு. பனி முழங்காலை விடமாட்டேன் என்கிறது, குழாய் என் பக்கத்தில் கூடவே வருகிறது, கடைசிக்கால், நடுக்கால், முதல்கால், ஒவ்வொன்றையும் தாண்டும்போது அது இப்போதே எழும்பும் என்று வயிறு உள்ளே போகிறது, அவனுடைய வயிறும் எனக்குத் தெரியும், ஆற்றில் குளிக்கும்போது பார்த்திருக்கிறேன், தொப்புளுக்கு மேல் ஒரு மச்சம். சீஈஈஈ. விட்டுவிட்டான். நான் கையைத் தூக்கவில்லை, ஓடினதைத்தான் அவன் தயார் என்று எடுத்திருப்பான், அல்லது இனிப் பொறுக்கமாட்டாமல் விட்டிருப்பான். நான் குழாயின் தொடக்கத்துக்கு முன்னால், அவன் இறுக்கி வைத்த பனியில், நடு வழியில் போய் நிற்கிறேன். நிற்பதைத் தவிர வேறொன்றும் தோன்றவில்லை. கண்ணை மூடியிருக்கவேண்டும், ஏனென்றால் முகம் நிறையப் பனி வந்து அடித்தபோதுதான் திறந்தேன். ஸ்கீ இரண்டும் குறுக்காக என் சப்பாத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறது. ஹெல்மெட்டைக் கழற்றுகிறான், தலையிலிருந்து ஆவி போகிறது.

"உனக்கென்ன விசரா? உன்னைச் சாகடிச்சிருப்பன்."

"ஏறாதை அண்ணா. கால் ஒட்டேல்லை. அப்பா காலமை எனக்குச் சொன்னவர், உனக்குச் சொல்லச் சொன்னவர், அவர் மெஷின் கொண்டு வாறாராம், அதுக்கு முதல் ஏறக்கூடாதாம்."

"காலமை சொன்னவர், மத்தியானம் எனக்கு எடுத்து ஓடச் சொன்னவர். காலைப் பற்றியும் கேட்டனான், நான் செய்தது சரியில்லாமல் கிடக்குமோ எண்டவர். தள்ளு."

"அது அப்பா இல்லை."

"பின்னை ஆர்?"

"நான்தான்."

அவன் சிரிக்கிறான். கோபப்படுவான் என்று நினைத்தேன், சிரிக்கிறான், அந்த நல்ல சிரிப்பு, மத்தியானத்திலிருந்து முகத்தில் இருக்கிற அதே சிரிப்பு. "போடா. நீ ஓட்வாரைச் செய்வாய், அம்மாவைச் செய்வாய். அப்பாவை உன்னால ஏலாது. எனக்கு அப்பாட குரல் தெரியாதோ? வேணுமெண்டால் சொல்லு, உனக்கு எடுக்கேல்லை எண்டு எரிச்சல்." வெளிச்சம் போகுது என்று கொட்டில் பக்கம் பார்க்கிறான், ஹெல்மெட்டைத் திரும்பவும் தலைக்குக் கொண்டுபோகிறான். நான் சத்தியம் பண்ணலாம், போன வருடம் ஓட்வார் செத்துப்போனார் என்று சத்தியம் பண்ணியவன் நான், அண்ணன் அழுதுகொண்டு அவர் வீட்டுக்கு ஓடினான், அவர் கதவைத் திறந்து உள்ளுக்கு மூச்சை இழுத்து 'யா' என்றார். என் சத்தியத்தால் அவனைப் பிடிக்கமுடியாது. அவனைப் பிடிக்கக்கூடியது ஒன்றுதான் இருக்கிறது. வாயைத் திறக்கிறேன். "தென்னவன்" என்று வருகிறது, கீச்சென்று, போன வருடத்துக் குரலில், ஓடிய மூச்சும் குளிரும் சேர்ந்து தொண்டையை இறுக்கிப் பிடித்திருக்கிறது, அவன் இன்னும் பெரிதாகச் சிரிக்கிறான், "இதுவோ அப்பா?" ஹெல்மெட் தலையில் ஏறிவிட்டது, வார் தொங்குகிறது, விரல் வாரைத் தேடுகிறது. இத்தனை நாள் கேட்காமலே வந்தது, இப்போது கேட்கிறேன், வரவில்லை. எச்சிலை விழுங்குகிறேன். செருமுகிறேன். குளியலறை, வெந்நீர், சுவரில் ஆவி, அங்கே நின்றவர். இன்னொரு தரம் செருமுகிறேன், அடியில் ஏதோ அசைகிறது, கழன்று கீழே இறங்கி உட்காருகிறது.

"தென்னவன்," என்றார் அப்பா.

அண்ணனின் விரல் வாரில் நின்றது. அவன் முதலில் பார்த்தது சந்திப் பக்கம். அங்கே வெளிச்சம் இல்லை. பிறகு குசினி யன்னல். பிறகு, வேறு இடம் இல்லாததால், என் வாய்.

"அங்க அங்க தொட்டுத்தான் விட்டிருக்கிறன், ஒட்டேல்லை. ஏறக்கூடாது. விளங்கிச்சோ?"

நான் நிறுத்தவேண்டும், போதும், அவன் நின்றுவிட்டான், ஒரு ஸ்கீயின் பூட்டு தானாகவோ அவன் மிதித்தோ கழன்று பனியில் சாய்ந்துவிட்டது, இனி ஏறமாட்டான். அவன் முகத்திலிருந்து சிரிப்பு போகவில்லை, அதுதான் பயங்கரம், அது அப்படியே இருந்தது, பின்னால் இருந்தவன்தான் போய்விட்டான். குழாயைத் திரும்பிப் பார்ப்பான் என்று நினைத்தேன். காலைத் தட்டிப் பார்ப்பான், எனக்கு அறைவான், அதற்கு நான் கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். அவன் குழாயைப் பார்க்கவே இல்லை. மூக்கைக் கையுறையால் துடைத்தான். கேட்கும்போது மெல்லமாகக் கேட்டான், அம்மாவுக்குக் கேட்கக்கூடாது என்பதுபோல.

"அப்ப மலைக்குக் கீழ வானை நிப்பாட்டிப் பாத்தது?"